தராசின் முகம் தொழிலாளியின் பக்கம் திரும்பட்டும்

பெருந்தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது நாட்சம்பளத்தைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுவது வழக்கமாகியுள்ளது. அதில் வியப்பில்லை. 1,000 ரூபா என்ற கோரிக்கை பல வருட இழுபறியின் பின்னர் 2021 மார்ச் மாதத்திலேயே வர்த்தமானியில் இடம்பெற்றது. 2024 ஆம் ஆண்டு மே தினத்தையொட்டி அறிவிக்கப்பட்ட 1,700 ரூபா நீதிமன்றம் வரை சென்று தடைப்பட்டு, அதே வருடம் செப்டெம்பரில் 1,350 ரூபாவாகக் குறைந்து வந்து சேர்ந்தது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், அடிப்படைச் சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்தி, அரசாங்கம் வழங்கும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபாவாக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. ஒவ்வொரு நூறு ரூபாவுக்காகவும் வருடக்கணக்கிற் போராட வேண்டியிருந்த ஒரு சமூகம் சம்பளத்தையே முதலிற் பேசுவது இயல்பானதே.

ஆயினும் அதிகாலையில் பிரட்டுக்களத்திற் பெயர் கொடுப்பது முதல் மாலையில் இறுதி நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்புவது வரையிலான அந்த நீண்ட பொழுதில் தொழிலாளி எவ்வாறு நடத்தப்படுகின்றார் என்பதைப் பற்றி நாம் போதியளவு பேசுவதில்லை. சம்பளம் மாதத்திற் சில நாட்களிலேயே கைக்கு வருகின்றது. நடத்தப்படும் விதமோ ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணித்தியாலமும் உணரப்படுகின்றது. பெருஞ்செலவின்றி, புதிய சட்டங்களுக்குக் காத்திராமல் செய்யக்கூடிய சிறு காரியங்கள் பல இந்த இடைவெளிக்குள் இருக்கின்றன. அவற்றைப் பற்றியே இங்கு கூற விரும்புகின்றோம்.

நுவரெலியா மாவட்டத்தின் ஏதாவதொரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் நாளை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, குளிரிலும் மழையிலும் செங்குத்தான மலையில் ஏறுகின்றாள். இடுப்பிற் படங்கு, முதுகிற் கூடை. கால்களில் அட்டை கடிக்கும். எந்தப் பற்றையில் குளவிக்கூடு இருக்குமென்பது தெரியாது. குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் தொழிலாளர் பற்றிய செய்தி ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பகுதிகளிலிருந்து வராத மாதமே இல்லை எனலாம். அவள் வேலை செய்யும் மலையில் ஒதுங்குவதற்குக் கூரையோ, மலசலகூடமோ பெரும்பாலும் இருப்பதில்லை. இதன் காரணமாகவே பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் அநேகர். அதனால் ஏற்படும் உபாதைகளை அவர்கள் வெளியிற் சொல்வதுமில்லை.

மலையில் ஒரு சிறு கூரையும் அதனருகே தண்ணீர் வசதியுடன் ஒரு மலசலகூடமும் அமைப்பதற்கு ஒரு கம்பனியின் வருடாந்த அறிக்கையிற் குறிப்பிடத்தக்க செலவு எதுவும் ஏற்படப் போவதில்லை. சில தோட்டங்களில் இவை அமைக்கப்பட்டும் உள்ளன. குடிதண்ணீர் மலைக்கே கொண்டுவந்து கொடுக்கப்படும் இடங்களும் உண்டு. அவ்வாறாயின், ஒரு தோட்டத்தில் இயலுமானது அடுத்த தோட்டத்தில் இயலாமற் போவது ஏன் என்ற கேள்விக்குப் பணமில்லை என்பது பதிலாகாது. அது பற்றி எவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே உண்மையான பதிலாகும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானதென நாம் கருதுவது தராசு பற்றிய விடயமாகும். பறித்த கொழுந்து நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவைகள் நிறுக்கப்படுகின்றது. நிர்ணயிக்கப்பட்ட நிறை வந்தாற்றான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். சாக்கின் பாரம், இலையிலுள்ள ஈரம் எனக் காரணங்கூறி நிறையிற் கழிவு போடப்படுகின்றது. ஈர இலைக்குக் கழிவு போடுவது நியாயமே என நிர்வாகங்கள் கூறலாம். ஆனால் எவ்வளவு கழிக்கப்படுகின்றது, எந்த அடிப்படையிற் கழிக்கப்படுகின்றது என்பது கொழுந்தைச் சுமந்து வந்தவளுக்குத் தெரிவதில்லை. மழை பெய்யாத நாளிலும் அதே கழிவு தொடர்வதாகத் தொழிலாளர் நீண்ட காலமாகவே முறையிட்டு வருகின்றனர்.

2024 செப்டெம்பர் தீர்மானத்தின்படி நிர்ணயித்த அளவுக்கு மேலதிகமாகப் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபா வழங்கப்பட வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு கிலோ காரணமின்றிக் கழிக்கப்படுமாயின், அந்தக் கணக்கின்படி 25 நாட்களில் 2,500 ரூபா ஒரு குடும்பத்தின் கையை விட்டுப் போகின்றது. ஒரு பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு அது பெருந்தொகை. அந்த இரண்டு கிலோ முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் இடைப்பட்டதாக அமைந்துவிட்டால் இழப்பு இன்னும் பெரிது. பண இழப்பை விடக் கொடியது, தன் கண்முன்னே தன் உழைப்புக் குறைத்து எழுதப்படுகின்றதோ என்ற ஐயம். அந்த ஐயத்துடன் ஒருவர் நாள்தோறும் வேலைக்குப் போவதென்பது மனதை அரிக்கும் விடயமாகும்.

ஹற்றன் நகரிலோ நுவரெலியாவிலோ உள்ள ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள தராசு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரையைப் பெற்றிருக்க வேண்டும். அதன் முகம் வாடிக்கையாளரின் பக்கம் திரும்பியிருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கின்றோம். ஒரு கிலோ கோதுமை மா வாங்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தத் தராசைப் பார்க்கும் உரிமை உண்டு. அதே பெண் நாள் முழுவதும் பறித்த இருபது கிலோ கொழுந்தை நிறுக்கும் தராசைப் பார்க்க முயன்றால் மட்டும் அது அதிகப்பிரசங்கித்தனமாகக் கொள்ளப்படுவது எந்த வகையில் நியாயம்? அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வதை இஸ்லாம் கடுமையாகக் கண்டித்திருப்பதையும், நடுவுநிலைமையை விளக்க வந்த வள்ளுவர் துலாக்கோலையே உவமையாகக் கொண்டிருப்பதையும் எமது வாசகர்கள் நன்கறிவர். வணிகனுக்குக் கூறப்பட்ட நீதி கொழுந்து மடுவத்துக்கும் பொருந்தக் கூடியதே.

தராசை ஒரு முழம் திருப்பி வைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. நிறையை உரத்து வாசிப்பதற்கும், கழிவு எவ்வளவு, ஏன் என்பதைத் தமிழில் எழுதிய ஒரு துண்டைக் கையிற் கொடுப்பதற்கும் பெருஞ்செலவு இல்லை. இலத்திரனியல் தராசுகள் வந்துள்ள தோட்டங்களில் இது மேலும் இலகுவானது. இதனைச் செய்யும் நிர்வாகம் தொழிலாளிக்கு ஒரு சலுகையை வழங்குவதாக நாம் கருதவில்லை. அவரை ஒரு மனிதராக ஏற்றுக்கொள்கின்றது, அவ்வளவே.

அடுத்தது, அழைக்கும் முறை. தமது தாயின் வயதை ஒத்த ஒரு பெண்ணை ஒருமையில் விளித்து, எல்லோர் முன்னிலையிலும் ஏசி வேலை வாங்கும் பழக்கம் தோட்டங்களில் முற்றாக ஒழிந்துவிட்டதாகக் கூற முடியாது. கோப்பிக் காலத்துக் கங்காணி முறையிலிருந்து வந்த எச்சம் இது. அக்கா, அம்மா என்று அழைப்பதும், பெயரைக் கூறி அழைப்பதும், சுகவீனமுற்று மீண்டு வந்தவரிடம் இப்போது எப்படி என்று கேட்பதும் உத்தியோகத்தரின் அதிகாரத்தை எவ்வகையிலும் குறைத்துவிடுவதில்லை. பல தோட்டங்களில் இவ்வாறு நடந்துகொள்ளும் நல்ல உத்தியோகத்தர்கள் இருந்துள்ளனர், இருக்கின்றனர். அவர்கள் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் கழிந்த பின்னரும் அவர்களுடைய பெயரை மக்கள் நன்றியுடன் கூறுவதை மலையகத்திற் பழகிய எவரும் கேட்டிருப்பர்.

இத்தகைய சாதாரண மனிதப் பண்பே ஒரு காலத்தில் குற்றமாகக் கருதப்பட்டது என்பதை இங்கு நினைவுகூர்வது பொருத்தமானது. 1936 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து மடுல்கலையிலுள்ள றெலுகஸ் தோட்டத்தில் துரைமார் தொழிலைப் பயின்ற மார்க் அந்தனி பிறேஸ்கேர்டில் என்ற இளைஞர், தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதத்தைச் சகியாமல் அவர்களின் பக்கம் நின்றார். வேலை பறிபோனது. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடைபெற்ற கூட்டத்தில் அவர் மேடையேறிப் பேசியதைத் தொடர்ந்து, தேசாதிபதி ஸ்ரப்ஸ் அவரை நாடு கடத்தும்படி கட்டளை பிறப்பித்தார். அந்தக் கட்டளை செல்லுபடியாகாதென உயர்நீதிமன்றம் மே மாதத்தில் தீர்ப்பளித்தது. ஒரு வெள்ளைக்காரர் தொழிலாளியைச் சமமாக நடத்தியமையே துரைமார் சமூகத்தைக் கலங்க வைத்தது. சிறு கரிசனை என நாம் கூறும் விடயத்துக்குள் எவ்வளவு பெரிய அதிகாரப் பிரச்சினை அடங்கியிருக்கின்றது என்பதற்கு இந்தச் சம்பவம் ஒன்றே போதுமான சான்றாகும்.

மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 வருடங்கள் பூர்த்தியானதையொட்டி 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று மேற்கொள்ளப்பட்டது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்பதே அதனை முன்னெடுத்தோர் தெரிந்தெடுத்த பெயர். காணி, வீடு, சம்பளம் ஆகிய கோரிக்கைகளுக்கெல்லாம் முன்னால் மாண்பு என்ற சொல்லை அவர்கள் வைத்தமை தற்செயலானதன்று.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழுவது நியாயமானதே. இனிய வார்த்தைகளாலும் ஒரு கோப்பைத் தேநீராலும் வயிறு நிறையுமா, சம்பள உயர்வைத் தட்டிக்கழிக்க நிர்வாகங்களுக்கு இது ஒரு வசதியான சாட்டாகிவிடாதா எனக் கேட்கப்படலாம். இந்த அச்சத்துக்கு உலக அனுபவத்திலும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகிலிருந்த ஹோத்தோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் வெளிச்சம், இடைவேளை, வேலைநேரம் என்பவற்றை மாற்றி மாற்றி ஆய்வுகள் நடத்தப்பட்டன. மாற்றம் எதுவாயினும், தம்மீது கவனம் செலுத்தப்படுகின்றது என்ற உணர்வே தொழிலாளரின் ஊக்கத்தைக் கூட்டியது என எல்டன் மேயோ போன்றோர் விளக்கமளித்தனர். அந்த விளக்கத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் கேள்விக்குட்படுத்தியும் உள்ளனர். ஆனால் 1930 களின் பொருளாதார மந்தம் வந்தபோது அந்த ஆய்வுகளும் நின்றன, அதே தொழிற்சாலையிற் பல்லாயிரம் பேர் வேலையும் இழந்தனர். உரிமையாக எழுதப்படாத கரிசனை நெருக்கடி வரும் நாளில் எவரையும் காப்பதில்லை.

எமது தோட்டங்களின் அனுபவமும் இதுவேயாகும். தோட்டத்துரையின் நல்ல மனதினாற் கிடைக்கும் வசதி அவர் மாற்றலாகிப் போகும்போது அவருடனேயே போய்விடுகின்றது. தீபாவளிக்கு வழங்கப்படும் முற்பணம் நிர்வாகத்தின் அன்பளிப்பைப் போலப் பேசப்பட்டாலும் அது மாதாந்தம் சம்பளத்திற் பிடித்துக்கொள்ளப்படும் கடனே என்பதைத் தொழிலாளர் அறிவர். வருடக்கணக்கில் நடைமுறையிலிருந்த கூட்டு ஒப்பந்தம் 2021 இல் செயலற்றுப் போனதைத் தொடர்ந்து, அதன் கீழ் வழக்கமாகக் கிடைத்துவந்த பல நலன்புரி விடயங்களும் கேள்விக்குறியாகின. பல இடங்களில் சம்பளம் உயர்ந்த கையோடு பறிக்க வேண்டிய நிறையும் உயர்த்தப்பட்டது. தயவாகத் தரப்பட்டது தயவு தீரும்போது திருப்பி எடுத்துக்கொள்ளப்படும் என்ற பாடத்தை மலையகம் பலமுறை கற்றுள்ளது.

எனவே சிறு கரிசனைகளைச் சம்பளத்துக்குப் பதிலாக நாம் கோரவில்லை. சம்பளத்துடன் சேர்த்தே கோருகின்றோம். இன்று நல்ல மனதினாற் செய்யப்படுவது நாளை எழுத்திலான ஏற்பாடாக மாற வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும். அவ்வாறு மாறியதற்கு உதாரணங்கள் இல்லாமலில்லை. இலங்கையின் 1939 ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் காலப்போக்கில் திருத்தப்பட்டு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுடைய தாய்க்கு வேலைநேரத்தில் பாலூட்டும் இடைவேளையை உரித்தாக்கியுள்ளது. முன்னர் அது மேற்பார்வையாளரின் தயவைப் பொறுத்ததாக இருந்திருக்கும். இன்று அது சட்டம்.

அயலிலும் பாருங்கள். கேரளத்தின் கோழிக்கோட்டுத் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்த பெண்கள் தமக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டுமெனப் பல வருடங்கள் போராடினர். பெண்கூட்டு என்ற அவர்களது அமைப்பின் முயற்சியினால் 2018 இல் கேரளம் அதற்கெனச் சட்டத்தைத் திருத்தியது. 2021 இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வழங்கப்பட வேண்டுமென விதித்தது. ஒரு நாற்காலியை விடச் சிறிய கோரிக்கை என்ன இருக்க முடியும்? ஆயினும் அது எழுத்தில் வந்த பின்னரே கடை முதலாளியின் மனநிலையைப் பொறுத்திராத உரிமையாயிற்று.

பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும் இதிற் சொந்த நலன் உண்டு. 1992 இல் தோட்டங்கள் தனியார் முகாமைத்துவத்தின் கீழ் வந்தபோது மூன்று இலட்சத்துக்கும் அதிகமாக இருந்த தொழிலாளர் தொகை இன்று பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது. படித்த இளைஞர் யுவதிகள் கொழும்பிலே கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை தேடிச் செல்கின்றனர். அங்கு கிடைப்பது பெருஞ்சம்பளம் என்பதனால் மாத்திரம் அவர்கள் போகவில்லை. தாயும் பாட்டியும் ஏச்சுக் கேட்டு நின்ற அதே மடுவத்தில் தாமும் நிற்க அவர்கள் விரும்பவில்லை. ஆட்பற்றாக்குறை பற்றி முறையிடும் நிர்வாகங்கள் இந்த உண்மையை எதிர்கொள்ளாமல் தேயிலையின் எதிர்காலத்தைப் பற்றித் திட்டமிட முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்துச் சென்ற பின்னர், தொழிலாளரைத் தோட்டத்துடன் பிணைத்து வைக்கும் நம்பிக்கையின் பெறுமதி மேலும் கூடியுள்ளது.

செய்ய வேண்டியவை சிக்கலானவையல்ல. நிறுவையின்போது தராசைத் தொழிலாளி பார்க்கும் உரிமை, கழிவின் அளவையும் காரணத்தையும் எழுதிய துண்டு, தமிழிலான சம்பளச் சிட்டை, மலையில் குடிதண்ணீரும் ஒதுங்குமிடமும் மலசலகூடமும், குளவிக்கொட்டுக்கு உடனடி முதலுதவியும் வாகன வசதியும், மரியாதையான விளிப்பு ஆகிய ஆறு விடயங்களை ஒவ்வொரு தோட்டமும் ஒரே தாளில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்டலாம். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் ரூபாக் கணக்கோடு இவற்றையும் மேசையில் வைக்க வேண்டும். நாட்சம்பளத்துக்காகத் தலைநகரிற் குரல் கொடுக்கும் தலைவர்கள் மலையிலுள்ள ஒரு மலசலகூடத்துக்காகவும் குரல் கொடுப்பதைத் தமது தகுதிக்குக் குறைவாகக் கருதலாகாது. தொழில் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் தோட்ட அலுவலகத்துப் பதிவேடுகளைப் பார்ப்பதோடு நில்லாமல் நிறுவை நடைபெறும் நேரத்தில் மடுவத்துக்கும் செல்ல வேண்டும். கெயார் நிறுவனம் சில தோட்டங்களில் முன்னர் உருவாக்கிய சமூக அபிவிருத்தி மன்றங்களில் நிர்வாகம், தொழிலாளர், தொழிற்சங்கம், அயற்கிராமத்தவர் என அனைவரும் ஒன்றாக அமர்ந்து இத்தகைய குறைகளைப் பேசித் தீர்த்தனர். அந்த முறையை ஏனைய தோட்டங்களும் பின்பற்றுவதில் தடையேதும் இருப்பதாக நாம் கருதவில்லை.

இறுதியாக, இது துரைமாருக்கு மாத்திரம் கூறப்படும் புத்திமதியென எமது வாசகர்கள் எண்ணிவிடலாகாது. தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகள் எமது கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்கின்றனர். அவர்களுக்கு உட்கார இருக்கை இருக்கின்றதா, நேரத்துக்கு உணவு கிடைக்கின்றதா, அவர்களைப் பெயர் கூறி அழைக்கின்றோமா, மாதம் முடிந்ததும் பேசிய கூலி கேட்காமலே கையிற் சேருகின்றதா என்பதை நாம் ஒவ்வொருவரும் எமது வாசற்படிக்குள் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்ற போதனையைக் கேட்டு வளர்ந்தவர்களும் இன்சொல்லின் பெருமையைப் பாடசாலையிற் படித்தவர்களுமாகிய நாம், மடுவத்துத் தராசைப் பற்றிப் பேசுமுன் எமது கல்லாப்பெட்டியின் அருகே நிற்கும் பிள்ளையின் முகத்தை ஒருதரம் பார்ப்பது தகும்.

சம்பளப் போராட்டம் தொடரட்டும். அது நீதியான போராட்டம். அதன் முடிவு வரும்வரை காத்திராமல் நாளைக் காலை நிறுவையின்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு. தராசின் முகத்தை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பி வையுங்கள். இருபது கிலோவைச் சுமந்து மலையிறங்கி வந்தவளுக்கு, அது இருபது கிலோதான் என்பதைத் தன் கண்ணாற் காணும் உரிமையாவது உண்டு.